ஞாயிறு திருப்பலிக்குப் பாடல்களைத் தயாரிப்பது எப்படி? பங்குப் பாடகர் குழுவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மாலைப் பயிற்சி பெரும்பாலான பங்குகளில் இப்படித்தான் நடக்கும். வருகைப் பாடலுக்கு இருபது நிமிடம். காணிக்கைப் பாடல் புது மெட்டு என்பதால் அரை மணி நேரம். திருவிருந்துப் பாடலில் மூன்று சரணம், நடுவில் இடையிசை, மறுபடியும் பல்லவி. 'தூயவர்' எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடலாம். பதிலுரைப் பாடலை யாராவது வாசித்துவிடுவார்கள். ஏழு மணிக்குக் கீபோர்டை உறையில் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் பயிற்சி நடத்தினேன். திருவழிபாட்டு இசை குறித்து 1967 மார்ச் 5 அன்று உரோமையிலிருந்து வந்த அறிவுரையைப் பிற்பாடுதான் படித்தேன். பாடவேண்டியவற்றை அது மூன்று படிகளாக அடுக்குகிறது. குருவும் மக்களும் மாறிமாறிச் சொல்லும் வாழ்த்துகள், நற்செய்திக்கு முன்னும் பின்னும் வரும் ஆர்ப்பரிப்புகள், தொடக்கவுரையும் (நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் குரு சொல்லும் புகழுரை) 'தூயவர்' பாடலும், நற்கருணை மன்றாட்டை முடிக்கும் 'ஆமென்', இயேசு கற்பித்த செபம் ஆகியவை முதல் படி. 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'உன்னதங்களிலே', 'இறைவனின் செம்மறியே' போன்றவை இரண்டாம் படி. நாங்கள் உயிரைக் கொடுத்துப் பழகிய வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்கள் மூன்றாம் படியில் இருந்தன. முதல் படியை மட்டும் பாடி நிறுத்திக்கொள்ளலாம். அதைப் பாடாமல் மற்ற இரண்டையும் பாடக் கூடாது என்றும் அந்த அறிவுரை சொல்கிறது. நாங்கள் செய்துகொண்டிருந்தது தலைகீழ்.

பாடகர் குழுப் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களுக்காகவும், பல ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருந்தும் ஏதோ குறைகிறதே என்று நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். திருப்பலியில் முதலில் பாடப்படவேண்டியவை திருப்பலியின் சொற்கள்தாம். நாம் வெளியிலிருந்து கொண்டுவரும் பாடல்கள் அவற்றுக்குப் பிறகே. கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

படி 1: வார நடுவிலேயே வாசகங்களைப் படியுங்கள்

பாட்டுப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அந்த ஞாயிறின் இரண்டு வாசகங்களையும், பதிலுரைப் பாடலையும், நற்செய்தியையும் படித்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை படித்தால் மனத்தில் ஊற நேரம் கிடைக்காது. புதன்கிழமைக்குள் படித்து, மறையுரை எந்தத் திசையில் போகும் என்று பங்குத்தந்தையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சமாரியர் உவமை வாசிக்கப்படும் நாளில் "இது நல்ல பாட்டு, போன வாரம் மக்கள் நன்றாகப் பாடினார்கள்" என்ற காரணத்துக்காக மரியன்னை பாடலைத் திருவிருந்துக்கு வைப்பது, அன்று பேசிய ஆண்டவருக்குக் காது கொடுக்காததற்குச் சமம்.

படி 2: குருவுக்கு மக்கள் சொல்லும் பதில்களைப் பழக்குங்கள்

"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக", "இதயங்களை மேலே எழுப்புங்கள்" ஆகியவற்றைக் குரு பாடினால் மக்களும் பாடியே பதில் சொல்லவேண்டும். எந்தக் கருவியும் வேண்டாம். மூன்று நான்கு சுரங்களுக்குள் அடங்கும் எளிய இசை அது. பங்குத்தந்தை பாடத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஒரு நாள் மாலை அவரோடு உட்கார்ந்து, அவருக்கு இயல்பான சுருதியைக் கண்டுபிடித்து, அந்தச் சுருதியைத் திருப்பலியில் மெல்லக் கொடுக்க ஒருவரை நியமியுங்கள். தொடக்கவுரைக்கு முன்னால் ஒரே ஒரு சுரம் கொடுத்தால் போதும்.

'தூயவர்' பாடலுக்கு ஆண்டு முழுவதும் இரண்டு மெட்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டு வயதுக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் புத்தகம் பார்க்காமல் பாடவேண்டிய பாடல் அது. மாதம் ஒரு மெட்டு மாற்றும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே மக்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வானதூதர்களோடு சேர்ந்து பாடுகிறோம் என்று குரு அப்போதுதான் சொல்லி முடித்திருப்பார்.

இன்னொன்று: 'உன்னதங்களிலே', 'செம்மறியே' ஆகியவற்றின் சொற்களை மாற்ற நமக்கு உரிமை இல்லை. அந்தச் சாயலில் எழுதப்பட்ட வேறு பாடலை அந்த இடத்தில் வைக்கவும் கூடாது. மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பலி நூலில் உள்ள சொற்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: பதிலுரைப் பாடலுக்கு நேரம் கொடுங்கள்

விவிலியத்தின் ஒரு பகுதியை அப்படியே எடுத்துப் பாடும் இடம் இது. முதல் வாசகத்துக்கு மக்கள் தரும் பதிலாக இருப்பதால், இதன் இடத்தில் பொதுவான தியானப் பாடல் ஒன்றைப் பாட அனுமதி இல்லை. இருந்தும் நம் பங்குகளில் அதிகம் கைவிடப்பட்டிருப்பது இதுதான். ஒவ்வொரு வாரமும் புதுச் சொற்களுக்கு மெட்டமைக்க யாரால் முடியும் என்று கேட்பார்கள்.

மெட்டமைக்கத் தேவையில்லை. விருத்தம் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தாளம் இல்லாமல், சொல்லின் போக்கில், பொருள் தெளிவாக விளங்கும்படி பாடுவது விருத்தம். பதிலுரைப் பாடலின் சரணங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை நமக்கு வாய்க்காது. பல்லவியை மட்டும் எளிய தாளத்தில் மக்கள் பாடட்டும். சரணங்களை ஒருவர் விருத்தமாகப் பாடட்டும்.

திருப்பாடல் 23-ஐ எடுத்துக்கொள்வோம். "பசும்புல் வெளிமீது எனை அவர்" என்பதை முழுவதும் பஞ்சமத்திலேயே, பேசுவதுபோல் பாடுங்கள். "இளைப்பாறச்" என்ற இடத்தில் மத்திமத்துக்கு இறங்கி, "செய்வார்" என்பதைக் காந்தாரத்தில் வையுங்கள். சிறிது மூச்சு. அடுத்த அடியில் "அமைதியான நீர்நிலைகளுக்கு எனை" என்பதை மத்திமத்தில் நிறுத்தி, "அழைத்துச் செல்வார்" என்று படிப்படியாக இறங்கி சட்ஜத்தில் உட்காருங்கள். அவ்வளவுதான். அடி நீளமாக இருந்தால் பஞ்சமத்தில் கூடுதலாக நான்கு சொற்கள் சேரும், குட்டையாக இருந்தால் குறையும். இந்த ஒரே அச்சில் ஆண்டின் எல்லாத் திருப்பாடல்களையும் பாடிவிடலாம். தவக்காலத்துக்கு வேறொரு அச்சு, பாஸ்கா காலத்துக்கு மற்றொன்று என்று மூன்று அச்சுகள் இருந்தால் ஒரு பங்குக்குத் தாராளம்.

பல்லவியில் சொல் உடையும் இடத்தைக் கவனியுங்கள். "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை" என்ற அடியை ஒரு குழு பாடக் கேட்டேன். "எனக்கேதும் குறை" என்று நீட்டி நிறுத்தினார்கள். தபேலா நாலு எண்ணிக்கை ஓடியது. பிறகுதான் "யில்லை" வந்தது. அந்த நாலு எண்ணிக்கை நேரம் கோயில் முழுவதும் தனக்குக் குறை இருப்பதாகக் கடவுளிடம் சொல்லிக்கொண்டு நின்றது. மெட்டுப் போட்டவர் நல்ல இசைஞர்தான். அந்த அடியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு மெட்டமைத்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

பாடுபவர் வாசக மேடையில் நின்று பாடவேண்டும், பாடகர் குழுவின் மூலையிலிருந்து அல்ல. முதல் வாசகம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே இதுவும் வருவது பொருத்தம்.

படி 4: சொல்லைப் பார்த்துப் பாடலைத் தேர்ந்தெடுங்கள்

மெட்டை மறந்துவிட்டுப் பாடலைச் செய்யுளாக ஒருவர் வாசிக்கட்டும். அதில் கடவுளைப் பற்றி ஏதாவது இருக்கிறதா, அல்லது என் உணர்ச்சிகளைப் பற்றி மட்டுமே இருக்கிறதா? விவிலியத்தின் மணம் வீசுகிறதா? பாடலின் சொற்கள் திருச்சபையின் போதனைக்கு இசைந்தவையாகவும், பெரும்பாலும் விவிலியத்திலிருந்தும் திருவழிபாட்டு நூல்களிலிருந்தும் எடுக்கப்பட்டவையாகவும் இருக்கவேண்டும் என்று 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு கேட்கிறது. தமிழும் நன்றாக இருக்கவேண்டும் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் (1680–1747) ஏலாக்குறிச்சியில் அன்னை மரியாவைப் பாட முனைந்தபோது கலம்பகமும் அந்தாதியும் கற்றுக்கொண்டு பாடினார். இங்கேயே பிறந்த நாம் எதுகைக்காகப் பொருளற்ற சொற்களை அடுக்குவதை ஏற்கக் கூடாது.

சினிமா மெட்டுகளைப் பற்றி ஆண்டுதோறும் வாக்குவாதம் நடக்கிறது. நான் சொல்வது எளிது: அந்த மெட்டைக் கேட்டதும் மனம் எங்கே போகிறது? பழைய சொற்களும், அந்தக் காட்சியும், நடிகரின் முகமும் கூடவே வந்து நிற்கும். அப்பத்தை வாங்க வரிசையில் நிற்பவருக்கு அந்தத் துணை வேண்டாம். புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கை வரலாற்று நூலின் பத்தாம் பகுதியில் இதே சிக்கலில் தவிக்கிறார். கோயிலில் கேட்ட பாடல்கள் அவரை அழவைத்து, நம்பிக்கைக்குத் திருப்பியவை. ஆயினும் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை அதிகமாக ஈர்க்கும் தருணங்களில் தாம் பாவம் செய்வதாக அவர் ஒப்புக்கொள்கிறார். அப்படிக் கலங்கியவர் சினிமா மெட்டைக் கேட்கவில்லை, திருப்பாடல்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

படி 5: மக்களின் தொண்டைக்கு ஏற்ற சுருதி

நல்ல குரல் வாய்ந்த பெண் ஒருவர் தமக்கு வசதியான சுருதியில் தொடங்கினால் ஆண்கள் அடுத்த வரியிலேயே விழுந்துவிடுவார்கள். காலை ஆறு மணித் திருப்பலியில் இது இன்னும் மோசம். தொண்டை அப்போதுதான் விழித்திருக்கும். பாடலின் மிக உயர்ந்த சுரத்தைக் கீபோர்டில் தட்டிப் பாருங்கள். மேல் ஸ்தாயியில் இரண்டு கட்டையைத் தாண்டினால் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி இறக்குங்கள். பாடகர்களுக்கு மந்தமாகத் தோன்றும். "நன்றாக இல்லையே" என்பார்கள். ஞாயிறு காலையில் பின்வரிசையிலிருந்து ஆண்களின் குரல் எழும்போது அவர்களே ஒத்துக்கொள்வார்கள்.

படி 6: கருவிகளும் மைக்கும்

1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பியானோவையும் முரசு போன்ற ஓசைமிக்க கருவிகளையும் கோயிலில் தடைசெய்தார். அறுபது ஆண்டுகள் கழித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழல் ஆர்கனுக்கு உரிய மதிப்பைத் தந்துவிட்டு, தூய வழிபாட்டுக்கு ஏற்ற மற்றக் கருவிகளையும் அனுமதித்தது. அந்தந்த மக்களின் இசை மரபை மதிக்கவேண்டும் என்றும் சொன்னது. ஆகவே வீணையோ, புல்லாங்குழலோ, மிருதங்கமோ தம்மளவில் சிக்கல் அல்ல. அவை பாடலைத் தாங்குகின்றனவா, அல்லது பாடல் அவற்றைத் தாங்கவேண்டியிருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

கீபோர்டில் தானாக ஓடும் ரிதத்தை நிறுத்திவிடுங்கள். இதை ஓர் ஆலோசனையாக இல்லாமல் கெஞ்சலாகவே சொல்கிறேன். அந்த இயந்திரம் குருவுக்காகக் காத்திருக்காது. மூச்சு வாங்கும் முதியவருக்காகவும் நிற்காது. பதிவுசெய்த இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடுவதும் அப்படித்தான். வழிபாட்டில் தானியங்கிக் கருவிகளையும் ஒலிநாடாவையும் பயன்படுத்துவதை உரோமையின் 1958-ஆம் ஆண்டு அறிவுரையே தடுத்துவிட்டது. உயிருள்ளவர்கள் செலுத்தும் புகழ்ச்சிப் பலி இது. சுருதி கொஞ்சம் விலகினாலும் அது மனிதக் குரலாக இருக்கட்டும்.

மைக் விஷயத்தில் ஒரே விதி: மக்களின் குரல் பாடகர் குழுவுக்குக் கேட்கவேண்டும். கேட்கவில்லை என்றால் ஒலியைக் குறையுங்கள். மக்கள் பல்லவி பாடும்போது முன்னணிப் பாடகர் மைக்கை விட்டு ஓர் அடி பின்னால் நகரட்டும்.

படி 7: எங்கே நிறுத்தவேண்டும்

பயிற்சித் தாளில் பாடல்களோடு அமைதிக்கான இடங்களையும் எழுதுங்கள். குரு "மன்றாடுவோமாக" என்றபின், வாசகங்களுக்குப் பின், மறையுரைக்குப் பின், நற்கருணை உட்கொண்டபின் என நான்கு இடங்கள். அந்த நேரங்களில் புத்தகம் புரட்டுவது, அடுத்த பாடலின் எண்ணைக் கிசுகிசுப்பது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது எதுவும் கூடாது.

நற்கருணை மன்றாட்டின்போது எந்தக் கருவியும் ஒலிக்கக் கூடாது என்பது தெளிவான விதி. எங்கள் குழுவிலிருந்த இளைஞர் எழுந்தேற்ற நேரத்தில் கீபோர்டில் மெல்லிய வயலின் ஒலியை இழையவிடுவார். பக்தியால்தான் செய்தார். எனக்கும் அது பிடித்திருந்தது, நானும் தடுக்கவில்லை. ஒரு ஞாயிறு அவர் ஊரில் இல்லை. குரு அப்பத்தை உயர்த்தினார், சிறுமணி ஒலித்தது. மணியோசை அடங்கியதும் முன்வரிசையிலிருந்து பின்சுவர் வரை ஒரு முணுமுணுப்பு அலைபோல் போனது: "என் ஆண்டவரே, என் கடவுளே." உயிர்த்த இயேசுவிடம் திருத்தூதர் தோமா சொன்ன சொற்கள். எங்கள் பங்கு மக்கள் ஒவ்வொரு வாரமும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நாங்கள்தான் இத்தனை ஆண்டுகளாக அதன்மேல் வயலினைப் போர்த்தியிருந்தோம். ஊரிலிருந்து வந்த இளைஞரிடம் அடுத்த வாரம் வாசிக்காமல் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் அதன்பின் அந்த நேரத்தில் கீபோர்டைத் தொடவில்லை.

சமாதான வாழ்த்துக்குத் தனிப் பாடல் உரோமை வழிபாட்டு முறையில் கிடையாது. 2014-இல் உரோமையிலுள்ள வழிபாட்டுப் பேராயம் அதை வெளிப்படையாகவே நினைவூட்டியது. அங்கே பாடவேண்டியது அப்பம் பிட்கும்போது வரும் 'இறைவனின் செம்மறியே'. பிட்க நேரமானால் அதையே திரும்பத் திரும்பப் பாடலாம். திருவிருந்துப் பாடல் குரு நற்கருணை உட்கொள்ளும்போதே தொடங்கவேண்டும். பாடகர்களும் நற்கருணை வாங்க வழிசெய்யுங்கள். பாதிப் பேர் முதலிலும் மீதிப் பேர் கடைசியிலும் போகலாம். வாரக்கணக்கில் பாடிக்கொண்டே இருந்து நற்கருணையைத் தவறவிடும் பாடகர்கள் இருக்கிறார்கள். அது சேவை ஆகாது.

இறுதிப் பாடல் திருப்பலி நூலில் இல்லை, வழக்கத்தால் வந்தது. சில நாள்களில் அதை விட்டுவிடுவதில் தவறில்லை.

படி 8: காலத்துக்கு ஏற்ற குரல்

தவக்காலத்தில் கருவிகள் பாடலைத் தாங்க மட்டுமே. முன்னிசை, இடையிசை கூடாது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும், நடுவில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. 'உன்னதங்களிலே' திருவருகைக் கால, தவக்கால ஞாயிறுகளில் இல்லை. மார்ச் 19, மார்ச் 25, டிசம்பர் 8 போன்ற பெருவிழாக்களில் உண்டு. அல்லேலூயா திருநீற்றுப் புதனிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடு) வரை வாயிலேயே வரக் கூடாது, பயிற்சியில்கூட.

படி 9: திருமணமும் அடக்கமும்

திருமணத்துக்கு மணமக்களோடு மூன்று வாரம் முன்பே உட்காருங்கள். மணப்பெண் உள்ளே வரும்போது வாசிக்கக் கேட்கப்படும் மேற்கத்திய மெட்டு, வாக்னரின் 1850-ஆம் ஆண்டு இசை நாடகத்தில் புதுமணத் தம்பதியைப் படுக்கையறைக்கு அழைத்துச் செல்லும்போது பாடப்படுவது. அந்த நாடகத்தில் அந்தத் தம்பதி சேர்ந்து வாழவே இல்லை. இதை நான் எடுத்துச் சொன்னபின் அதையே வாசியுங்கள் என்று வற்புறுத்திய குடும்பத்தை நான் சந்தித்ததில்லை. அதற்கு மாற்றாக ஒரு திருப்பாடலைப் பாடிக் காட்டுங்கள். வெறுமனே மறுக்காதீர்கள்.

அடக்கத் திருப்பலியில் தனிக் கருவி இசைக்கு இடம் இல்லை. ஊர்வலத்தோடு வந்த பேண்டு செட்டுக்காரர்களிடம் கோயில் வாசலில் நிறுத்தும்படி முன்கூட்டியே, மரியாதையாகச் சொல்லிவையுங்கள். அவர்கள் ஒருபோதும் மறுத்ததில்லை. சாவு வீட்டார் அழுதுகொண்டிருப்பார்கள், பாடமாட்டார்கள். அன்று குழு அவர்களுக்காகவும் பாடவேண்டும். எல்லாருக்கும் மனப்பாடமான இரண்டு பாடல்கள் போதும்.

படி 10: பெரிய வியாழனிலிருந்து திருவிழிப்பு வரை

வியாழன் மாலை 'உன்னதங்களிலே' பாடும்போது மணிகள் எல்லாம் ஒலிக்கின்றன. பிறகு திருவிழிப்பின் 'உன்னதங்களிலே' வரை அவை மௌனம். இடைப்பட்ட நேரத்தில் கருவிகளைப் பாடலுக்குத் துணையாக மட்டும் பயன்படுத்தலாம். நாங்கள் அதையும் விட்டுவிட்டு, வியாழன் இரவே கீபோர்டைச் சாக்ரிஸ்தியில் (குரு திருவுடை அணியும் அறை) பூட்டிவிடுகிறோம். முதல் ஆண்டு பயந்தோம். வெள்ளிக்கிழமை மாலை "திருச்சிலுவை மரம் இதோ" என்று குரு பாடியபின், சிலுவையை முத்தமிட மக்கள் வரிசையாக நகர்ந்தபோது, குழுவில் இல்லாத மூதாட்டி ஒருவர் பழைய வியாகுலப் பாடல் ஒன்றைத் தொடங்கினார். அவர் வயதுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பட்டியலில் அந்தப் பாடல் இல்லை, எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியவும் தெரியாது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் பெரிய வெள்ளிக்கு முன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாடலாவது கற்றுக்கொண்டு வருகிறோம். உங்கள் பங்கிலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். தேடிப் போங்கள்.

திருவிழிப்பில் நற்செய்திக்கு முன் குரு அல்லேலூயாவை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்திப் பாட, மக்கள் திருப்பிப் பாடுகிறார்கள். நாற்பது நாள்களுக்கும் மேலாகக் காத்திருந்த சொல் என்பதால் எல்லாரும் உற்சாகத்தில் முதல் முறையே உயரத்தில் தொடங்கிவிடுவார்கள். மூன்றாவது முறைக்குக் குரல் கிடைக்காமல் திணறும். குருவிடம் முன்பே பேசி, முதல் அல்லேலூயாவை அவர் குரலுக்கு எட்டும் கீழ்ச் சுருதியில், கிட்டத்தட்ட முணுமுணுப்பாகவே தொடங்கச் சொல்லுங்கள்.